மீட்டர் சாமியின் மஞ்சள் பை

வெள்ளிக்கிழமை ஆனால் போதும், கெலாங் பாத்தாவில் கார்களுக்கெல்லாம் பக்தி வந்துவிடும். பட்டறை வாசல் காலியாகக் கிடக்கும். மீட்டர் சாமியின் வீட்டு வாசலில் கார்கள் வரிசை பிடித்து நிற்கும்.

போன வருடம் வரை மூவார் இரவுச் சந்தையில் கைப்பேசி உறை விற்ற வீரமுத்துதான் இந்தச் சாமி. காரின் மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், அது கண்ணேறாம்! புதுக் காரின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் நாம், பழுதுக்கும் பழத்தையே நம்பியதில் வியப்பென்ன? சாமி ஒரு பழத்தை மஞ்சள் பையில் போட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் பையோடு கையை விடுவார். கைப்பேசியைப் பார்த்து மந்திரம் படிப்பார். விளக்கு அணையும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இரண்டொரு நாளில் திரும்ப எரிந்தால்? "பிடிச்சிருக்கிறது பெரிய பேய். மறுபடி வாங்க." பேய்க்கும் சாமிக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம்.

பள்ளி வேன் ஓட்டும் ரூபேந்திரன் மூன்றாம் முறையாக வந்திருந்தார். முந்தின நாள் வேன் உதறி உதறி நெடுஞ்சாலை நடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லோரி மயிரிழையில் பிரேக் பிடித்தது. வேன் நிறையப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி அவர் மகள். அதனால் இம்முறை மனைவி லோஷினியும் வந்தாள். தங்கையின் காரைப் பட்டறையில் விட்டபோது, அங்கேயும் ஒருவர் ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டதை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர் மந்திரம் சொல்லவில்லை.

"சாமி, பழத்த நான் வைக்கிறேன். நீங்க வெளிய நின்னு மந்திரம் சொல்லுங்க."

"பொம்பள கை படக்கூடாதும்மா!"

"சரி, என் வீட்டுக்காரரு வைப்பாரு. பழம் மட்டும்தான், பை வேணாம்."

கூட்டம், "அதான் சரி லா" என்றது. சாமிக்குத் தப்ப வழியில்லை. ரூபேந்திரன் பழத்தை வைத்தார். சாமி தொண்டை கிழிய மந்திரம் சொன்னார். விளக்குக்குக் காது கேட்கவில்லை.

"பேய் முரண்டு பிடிக்குது," என்று சாமி பையைத் தேடினார். பழத்தை எடுத்துக் கொடுத்த லோஷினியின் கையில்தான் பை இருந்தது. அவள் அமுக்கிப் பார்த்தாள்.

"பழத்துக்குள்ள கொட்டை இருக்கும். பல்லு எப்படி சாமி வந்துச்சு?"

உள்ளே தீப்பெட்டி அளவில், பல் பல்லாகக் கம்பிகள் நீட்டிய ஒரு கறுப்பு ஸ்கேனர். பட்டறைக்காரர்கள் காரின் பழுதைப் படிக்க வைத்திருப்பது. அதை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினாள். சாமியின் கைப்பேசி 'டிங்' என்றது. ரூபேந்திரன் அதைப் பிடுங்கிப் படித்தார். மூன்றாவது சிலிண்டரில் தீப்பொறி கொடுக்கும் 'இக்னிஷன் காயில்' பழுது. கீழே ஒரு பொத்தான்: 'அழி'.

"அலமாக்! காயில் போயிருக்குன்னு போன தடவையே உங்களுக்குத் தெரியும்! தெரிஞ்சும் லைட்ட மட்டும் அணைச்சு, என் பொண்ண அந்த வேன்லயே அனுப்பியிருக்கீங்க!" ரூபேந்திரன் கைப்பேசியைச் சாமியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

 கூட்டத்திலிருந்து மணியம் என்பவர் வாயைத் திறந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு லா. இவ்ளோ நேரம் வரிசையில நின்னுட்டேன். எனக்கு மட்டும் லைட்ட அணைச்சு விட்டுருங்க சாமி."

காரைச் செய்தவன் கெட்டிக்காரன். என்ஜின் கோளாறானால் எரிய ஒரு விளக்கு வைத்தான். மூளைக்கு அப்படி யாரும் வைக்கவில்லை. ஏன், எப்படி என்று நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைக்குத் தலை அப்படியொரு விளக்கு இருந்திருந்தால், அன்று அந்த வாசலில் தீபாவளிதான்.