ஞாயிறு ஐந்து மணி, நேரடி ஒலிபரப்பு

இனிமேல் என் மச்சான் வீட்டுச் சுவரில் தூரிகை வைக்க மாட்டேன் என்று ஒரு நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சபதம் செய்தேன். தலைமுடியில் இளம் பச்சை. காது மடலில் யானைத்தந்த நிறம். மூக்கு நுனியில் என்ன நிறம் என்று பெயின்ட் கம்பெனிக்காரனுக்கே தெரியாது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சொந்தமாக வீடு கட்டினார். கட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம வீட்டுக்கு நாமளே பெயின்ட் அடிச்சாத்தான் மாப்பிள்ளை ஒரு ஒட்டுதல் வரும்" என்பது அவருடைய கொள்கை. அந்த 'நாம'வில் அவர் கிடையாது. அவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன இடத்தை விரலால் காட்டுவார். நான் ஏணி மேலே இருப்பேன். ஒட்டுதல் வந்தது உண்மைதான். ஏணிக்கும் எனக்கும்.

ஒரு ஞாயிறு சுவரை முடித்தால் அடுத்த ஞாயிறு அதே சுவர் மறுபடி நிற்கும்.

"இந்தப் பச்சை கொஞ்சம் பச்சையா இருக்கே மாப்பிள்ளை?"

பச்சை வேறு எப்படி இருக்கும்? இந்த மனிதருக்குக் கடவுள் கண்ணைக் கொடுத்தது எதற்கு என்று நான் பலமுறை ஏணியில் நின்றபடி யோசித்திருக்கிறேன். ஆனால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உடம்பு சரியில்லை என்றும் சொல்ல முடியாது. என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் வரும். முதுகுவலி என்றால் தைலம் வரும், தேய்த்துவிட்டு அவளே ஏணியையும் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பொய்யாக ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

என்னைக் காப்பாற்றியது வானொலி.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, டயர் கடை மாடியில் ஒரு குட்டி வானொலி நிலையம் இருக்கிறது. நிகழ்ச்சி நடத்த யார் போனாலும் இடம் தருவார்கள். அங்கே நிர்வாகி, ஒலிப்பதிவாளர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் ஒரே ஆள். கழுத்தில் எப்போதும் மாட்டியிருப்பதால் அவருக்கு ஹெட்போன் என்றே பெயர். அவரிடம் பேசி ஞாயிறு மாலை ஐந்து முதல் ஆறு வரை வாங்கினேன். நிகழ்ச்சிக்குப் பெயர், 'சாவகாசம்'.

என்ன நிகழ்ச்சி? அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் நெஞ்சைப் பிளந்து பாடிய 'சோல்' இசைப் பாடகிகள், புகை மண்டிய அறைகளில் சாக்ஸபோன் ஊதிய ஜாஸ் மேதைகள். இவர்களுக்கு நடுநடுவே, இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் செய்கிற மெதுவான சில்லவுட் இசை. மெத்தை விரித்த மாதிரி இருக்கும். கேட்டால் மனசு அப்படியே சாயும். மனசு என்று ஒன்று இருந்தால்.

எங்கள் ஊர் நேயர்களுக்கு அது இல்லை. எனக்கு முன்னால் வருவது மூட்டுவலி ஆலோசனை. அதற்குப் போன் விடாமல் அடிக்கும். என் நிகழ்ச்சிக்கு வந்தது ஒரே ஒரு போன்.

"சார், பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?"

பாட்டு அப்போது முடிந்துகொண்டிருந்தது.

வீட்டில் இருக்கும் ரசிகை பற்றிச் சொல்லவே வேண்டாம். முதல் வாரம் கேட்டுவிட்டு, "லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குங்க" என்றாள். பிறகு, "அந்தம்மா ஏன் இப்படி அழுவுது? யாராவது போய் என்னன்னு கேக்கக் கூடாதா?" என்றாள். இருமல் மருந்தில் எத்தனை வகை என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். கலையைப் பற்றி அவளிடம் பேசி நான் என் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு வசதி இருந்தது.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் கூப்பிட்டிருக்கார்ங்க. ஹால் சுவரு."

"அஞ்சு மணிக்கு லைவ்மா. நேரடி ஒலிபரப்பு. என்னை விட்டா ஆள் இல்ல."

"ஒரு வாரம் லீவு போட முடியாதா?"

"நேயர்களை ஏமாத்தச் சொல்றியா?"

அவள் தனியாக அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளை வரும்வரை சுவர் காத்திருக்கட்டும் என்று மச்சான் சொல்லியனுப்பினார். காத்திருக்கட்டும். சுவருக்கு வேறு வேலை என்ன?

சில வாரம் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தேன். டயர் கடை மாடி என்பதால் ரப்பர் நாற்றம். ஏ.சி. கிடையாது. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு நாள் ஹெட்போன்தான் சொன்னார்.

"சார், ஏன் கஷ்டப்படுறீங்க? புதன்கிழமை ஆபீஸ் விட்டு வந்து பேசிப் பதிவு பண்ணிக் கொடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை நான் ஓட விட்டுடறேன். எவன் சார் கண்டுபிடிக்கப் போறான்?"

எவன் என்றுதான் கேட்டார். எவள் என்று கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே ஒரு பல் டாக்டரின் கிளினிக். ஞாயிறு விடுமுறை. டாக்டருக்கோ வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே நடுக்கம். ஒட்டடை அடிப்பதிலிருந்து மிக்ஸி ரிப்பேர் வரை எல்லா வேலையும் அன்றைக்குத்தான். அவருக்கு ஓர் அவசர நோயாளி தேவைப்பட்டார். எனக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. உலகத்திலேயே சுகமான நாற்காலி எது தெரியுமா? எதுவும் வலிக்கப் போவதில்லை என்று தெரிந்த பல் டாக்டர் நாற்காலி.

நாலரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். தெருவை ஒரு சுற்று சுற்றி, பின்படிக்கட்டு வழியாக ஏறுவேன். திடீரென்று டாக்டரின் மனைவி எட்டிப் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்று அவர் என் கழுத்தில் நோயாளிகளுக்குக் கட்டுகிற நீலக் காகிதத் துணியைச் சங்கிலி போட்டு மாட்டுவார். நாற்காலியைச் சாய்ப்பார். ஏ.சி. போடுவார். அவர் குறுக்கெழுத்துப் போட்டியை எடுத்துக்கொள்வார். நான் கண்ணை மூடிக்கொண்டு என் நிகழ்ச்சியை நானே கேட்பேன். ஊரிலேயே புரிந்து ரசிக்கக்கூடிய ஒரே நேயர் நான்தான்.

இப்படிப் பொன்னாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை எனக்கு ஜலதோஷம் பிடித்தது.

மூக்கு இரண்டும் அடைத்துவிட்டது. "வணக்கம் நேயர்களே" என்றால் "வடக்கப் தேயர்களே" என்று வருகிறது. ஹெட்போன் நாளைக்கு வாருங்கள் என்றார். நான் கேட்கவில்லை. பழைய ஜாஸுக்கு இந்த மாதிரிக் கனத்த குரல் பொருத்தம் என்று எனக்கே ஒரு மயக்கம். பேசி முடித்து வீட்டுக்கு வந்தேன். மனைவி மாத்திரை கொடுத்தாள். வெள்ளிக்கிழமையே மூக்கு திறந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன், குளிக்கும்போது பாட்டும் பாடினேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஐந்து மணி. நாற்காலி சாய்ந்திருக்கிறது. நீலத் துணி நெஞ்சில் இருக்கிறது. வானொலியில் என் குரல், "வடக்கப் தேயர்களே" என்கிறது. டாக்டர் சிரித்தார். ரசனை இல்லாதவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாதி நிகழ்ச்சி இருக்கும். ஒரு பாட்டு முடிந்தது. "இப்போது பததை வருடுப்..." என்று என் குரல் தொடங்கியது. டக். சத்தமில்லை. பிறகு ஏதோ நாற்காலியை இழுக்கிற ஓசை. ஒரு செருமல். அந்தச் செருமலை நான் நன்றாக அறிவேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இவரோட வீட்டம்மா பேசுறேன். எங்க அண்ணன் வீட்டுல உக்காந்து ரேடியோ கேட்டுட்டிருந்தேன். மத்தியானம் நல்லா இருந்த மனுஷனுக்குச் சாயந்திரம் மூக்கு இப்படி அடைச்சிருக்கேன்னு பதறிப்போய், மாத்திரையும் வெந்நீரும் எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். வந்து பார்த்தா நாற்காலி காலி. குரல் மட்டும் பெட்டிக்குள்ள இருந்து வருது. பரவாயில்ல. எங்கயோ சௌக்கியமா இருப்பார். நாம பாட்டைக் கேப்போம்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அந்த நாற்காலியில் படுத்தால் எழுந்திருப்பது லேசு இல்லை.

"சார், உங்க வீட்டம்மா" என்றார் டாக்டர்.

"தெரியுது."

"நல்லா பேசுறாங்க சார்."

"வாயை மூடுங்க."

"பல் டாக்டர்கிட்ட சொல்ற வார்த்தையா சார் இது?"

வானொலியில் அவள் தொடர்ந்தாள். "அடுத்துப் பாடப் போற அம்மா ரொம்ப காலத்துக்கு முன்னாடி பாடினவங்க. வீட்டுக்காரர் சாயந்திரம் வரேன்னு சொல்லிட்டுப் போனார், வரல. அவ்வளவுதான் பாட்டு. பாஷை புரியலையேன்னு கவலைப்படாதீங்க. இந்த மாதிரி வீட்டுக்காரர் எல்லா பாஷையிலயும் இருக்கார்."

போன் மணி அடித்தது. என் நிகழ்ச்சியில்! யாரோ ஓர் அம்மாள், "அக்கா, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுங்கக்கா" என்கிறாள். வாரக்கணக்கில் நான் சோல் இசையின் சரித்திரத்தைத் துண்டு துண்டாக எடுத்துச் சொன்னேன். ஒருத்தர் அசைந்தாரா? புருஷனைத் திட்டினால் போதும், ஊரே இசை மேதையாகிவிடுகிறது.

சாக்ஸபோன் வந்தது. "இதைக் கேளுங்க. கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லாம எப்படிச் சுத்தி வளைக்குது பாருங்க. எனக்கு ரொம்பப் பழகின சத்தம்" என்றாள். மறுபடியும் போன்.

ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு பொய் தயார் செய்தேன். அவள் சமையலறையில் ஃப்ளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் சும்மா பாத்ரூம் போயிருந்தேன்மா. அதுக்குள்ள நீ வந்து..."

"ஒரு மணி நேரமாவா?"

"மூக்கு அடைச்சிருந்துச்சு இல்ல..."

"மூக்கு அடைச்சா பாத்ரூம்ல என்னங்க வேலை?"

"ரப்பர் நாத்தம். காத்து வாங்கலாம்னு மொட்டை மாடிக்கு..."

"சரி."

"நம்பலையா?"

"நான் ஒண்ணும் கேக்கலையே. கழுத்துல இருக்கிறதைக் கழட்டிட்டுச் சாப்பிட வாங்க. சாப்பாட்டுக்கு இவ்வளவு பெரிய துணி வேண்டாம்."

குனிந்து பார்த்தேன். நெஞ்சில் நீலக் காகிதத் துணி, வெள்ளிச் சங்கிலியோடு. இதை மாட்டிக்கொண்டுதான் படியிறங்கி, தெருவைச் சுற்றி, எதிர்ப்பட்ட எல்லோருக்கும் தலையசைத்து வந்திருக்கிறேன். என்னைக் காட்டிக்கொடுக்க மற்றவர்கள் தேவையே இல்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் ஹெட்போனிடமிருந்து போன் வந்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"சார், மேடம் இருக்காங்களா?"

"எங்கிட்ட சொல்லுங்க."

"உங்ககிட்ட சொல்ற விஷயம் இல்ல சார். மூட்டுவலியை விட ஜாஸ்தி போன் வந்திருக்கு. இனிமே சாவகாசம் அவங்கதான்."

அவள் போனை வாங்கிப் பேசினாள். சரி, சரி என்று மூன்று சரி. வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு எனக்கு லைவ் இருக்குங்க."

"அப்ப உங்க அண்ணன் வீட்டுக்கு யாரு போறது?"

"நீங்கதான் சும்மா இருக்கீங்களே."

என்னிடமிருந்து நிகழ்ச்சி போனது. ஞாயிறு போனது. நாற்காலியும் போனது. சொன்னால் வெட்கம், வயிறு எரிந்தது. மருந்துச்சீட்டு படிக்கிறவளுக்கு ஜாஸ்! ஆனாலும் என்ன செய்ய? அடுத்த ஞாயிறு சபதத்தை மடித்து வைத்துவிட்டு ஏணி ஏறினேன்.

மச்சான் கீழே நாற்காலியில். பக்கத்தில் ஆள் உயர ஸ்பீக்கர். அதில் என் மனைவி.

"ஸ்டூடியோவுல நான் மட்டும்தான் இருக்கேன். ஒரே ரப்பர் வாசனை. உங்களுக்காகத்தான் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இது நேரடி ஒலிபரப்பு."

"தங்கச்சி என்னமா பேசுது மாப்பிள்ளை! இதே ப்ரோக்ராம்தானே நீங்களும் பண்ணினீங்க? அப்ப ஏன் கேக்க முடியல?"

என் வாய்க்குள் பெயின்ட் போயிருந்தது.

"புது டின்னு ரெண்டு வந்திருக்கு. எது எந்தச் சுவருக்குன்னு தங்கச்சிதான் பார்த்துச் சொன்னா. மறந்துட்டேன். போன் போட்டுக் கேளுங்க."

"அவ லைவ்ல இருக்கா மச்சான்."

"பாட்டு ஓடுற நேரத்துல எடுப்பா. போடுங்க."

பாட்டுக்கார அம்மா ஸ்பீக்கரில் உருகிக்கொண்டிருந்தாள். ஏணியில் நின்றபடி ஒரு கையில் தூரிகை, ஒரு கையில் போன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். பாட்டு முடிந்தது. "என்ன நேயர்களே, கண்ணுல தண்ணி வந்துடுச்சா?" என்று ஸ்பீக்கரில் என் மனைவி பேச ஆரம்பித்த அதே நேரம், போனிலும் என் மனைவி பேசினாள், கொட்டாவி விட்டபடி.

"என்னங்க இது, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஒரு மனுஷியைக் கொஞ்ச நேரம் தூங்க விடமாட்டீங்களா?"