மாமியின் கெண்டைக்கால்கள்

அன்புள்ள நடராசா மாமாவுக்கு,

மானிப்பாயிலிருந்து உங்கள் மருமகள் சாருஜா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மாமி கனடாவுக்குத் திரும்பாமல் பயணத்தைத் தள்ளிப்போடக் காரணம் தடிமன் காய்ச்சலுமில்லை, திருவிழாவுமில்லை, நான்தான். வீட்டுப் போன் எப்போதும் மாமியின் கையில். அதனால் நாளை ரொறன்ரோ புறப்படும் ஸ்ரெல்லா ரீச்சரிடம் கொடுத்துவிட, எல்லோரும் படுத்தபிறகு குசினிக்குள் அடுப்படியில் ஒளித்திருந்து எழுதுகிறேன்.

மாமி வந்த புதிதில் எனக்குச் சட்டை தைக்கக் கூட்டிப்போனார். தையல் அக்காவிடம், "இவளுக்குத் துணிக்கடை சரிவராது, பந்தல்காரனிட்டைக் கேளுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழாமல் உயிரியல் கதைத்தேன். மாமியும் மெல்லிய ஆளில்லைத்தானே. உடம்பிலுள்ள கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, லெப்ரின் போன்ற ஹோர்மோன்களைச் சுரக்கும், அவை இரத்தத்தைக் கட்டியாக்கும், விமானத்தில் காலை மடக்கி இருந்தால் அவ்வளவுதான் என்றேன். நான் படித்ததில், அவற்றுக்கும் பங்கு இருக்கலாம், இன்னும் ஆராய்கிறார்கள் என்றுதான் இருந்தது. அதை வேண்டுமென்றே விழுங்கிவிட்டேன்.

அன்றுமுதல் மாமி கதிரையில் உட்காருவதில்லை. நடந்துகொண்டே சாப்பிடுகிறார், பின்னால் அம்மா சொதியுடன் நடக்கிறார். டொக்டர் பயப்படவேண்டாம் என்றதற்கு, அவர் சின்னப்பெடியன், சாருஜாவுக்குத்தான் விசயம் தெரியும் என்கிறார். காலையும் மாலையும் மாமியின் கெண்டைக்கால்களை நான் அளவுநாடாவால் அளக்கவேண்டும். அதைக் கண்ட அயல் அன்ரிமாரும் சீலையை உயர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் "கால் டொக்டர்". வெட்கத்தில் பஸ்ஸில் தலை நிமிர்வதில்லை.

மாமா, பயமில்லை, வா என்று மாமியைக் கூப்பிடுங்கள். நான் எழுதியதைச் சொல்லவேண்டாம். மருதடிப் பிள்ளையார் உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும்.

இப்படிக்கு,
முகம் காட்ட வெட்கப்படும்
சாருஜா

பி.கு.: மாமா, மேலே எழுதியதை விடுங்கள். இதை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்து எழுதுகிறேன். நேற்றுப் பின்னேரம் அளந்தபோது மாமியின் இடக்கால் மற்றதைவிட வீங்கி, சூடாக இருந்தது. நான் சொன்ன பொய் பலித்துவிட்டதோ என்று பயந்து, இரண்டும் ஒரே அளவு என்றேன். கடிதத்தை மடித்தபிறகும் மனம் கேட்கவில்லை. அப்பாவை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன், அவர் போய் மாமியிடம் சொன்னார். ஓட்டோ வந்ததும் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமி கூப்பிட்டார்.

"ஒளியாதை. டொக்டருக்கு ஆர் விளங்கப்படுத்துறது? அளந்தவள் நீயெல்லோ, ஏறு." பிறகு அப்பாவிடம், "நாங்கள் ரெண்டு பேரும் இருந்தால் உனக்கு இடமில்லைத் தம்பி, மோட்டச்சைக்கிளிலை வா."

காலில் இரத்தக்கட்டிதான். ஊசி போட்டிருக்கிறார்கள், நேரத்துக்கு வந்தீர்கள் என்றார்கள். இப்போதைக்கு விமானம் ஏறக்கூடாதாம். மாமியைக் கூப்பிடவேண்டாம். நீங்கள் வாருங்கள்.