பதினான்கு காமினிகள்

புது டேப்லட்டைத் திறந்து எந்தப் பாடத்தைத் தொட்டாலும் அது சரவாக் பழங்குடிகளின் ஈபான் மொழியில் பேசியது. பினாங்கு, ஜார்ஜ்டவுன் தமிழ்ப்பள்ளியின் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. 'ருசியாக இருக்கிறது' என்பதற்கு 'ஞாமாய்' என்று கற்றுக்கொண்டு, கேண்டீன் அக்காவிடம் மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கும்போதெல்லாம் அதையே சொன்னார்கள். அந்த அக்கா அதை ஏதோ கெட்ட வார்த்தை என்று எண்ணித் தலைமையாசிரியையிடம் முறையிட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது.

தலைமையாசிரியை கனகேஸ்வரி, கணினிப் பொறுப்பாசிரியர் லோகேஸ்வரனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கவர்மெண்ட் நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ்ப் பாடம் போட்டுத்தான் டேப்லட் வாங்கியிருக்கு. நமக்கு வந்து சேர்ந்தது சரவாக் ஆத்தோரத்துப் பள்ளிக்கூடத்துப் பெட்டி. இது எப்படி நடந்துச்சு, லோகேஸ்?"

"சப்ளையர் மிஸ்டேக்கா இருக்கும், டீச்சர்," என்றான் லோகேஸ்வரன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சப்ளையர் பாவம், ஒரு தவறும் செய்யவில்லை. செய்தது லோகேஸ்வரன்தான். அவன் மனைவி காமினி, கடலுக்கு அப்பால் சரவாக்கில் ஆற்றின் மேற்பகுதியில் நங்கா தெருங் என்ற கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களை அலமாரியில் அடுக்கி முடிப்பதற்குள் அவளுக்கு அங்கே வேலை உத்தரவு வந்துவிட்டது. அன்று முதல் பள்ளி விடுமுறைக்கு மட்டும்தான் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. மற்ற நாளெல்லாம் ஃபோன்தான். ஒவ்வோர் ஆண்டும் பினாங்குக்கு மாற்றல் கேட்டு மனுப்போடுவாள். இடம் காலியில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் பதில் வரும்.

அங்கேயும் கணினிப் பொறுப்பு காமினியுடையதுதான். டேப்லட் கேட்டு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று கல்வி அமைச்சு சொன்னபோது, அந்த ஊர் லைனில் பக்கம் திறப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது, நீங்களே என்னுடையதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் என்றாள். ஒரு சனிக்கிழமை பிற்பகல், பாயான் பாருவில் இருக்கும் தன் வீட்டில் உட்கார்ந்து, ஒரு காதில் அவள் குரலை வைத்துக்கொண்டு இரண்டு பள்ளிக்கும் அவன் விண்ணப்பம் போட்டான். ஆற்றில் மழை எப்படி இறங்குகிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக் குறியீட்டு எண் கேட்ட இடத்தில் அவன் கை, ஆள் இருந்த இடத்தை விட்டுவிட்டு மனம் இருந்த இடத்தைத் தட்டிவிட்டது. அவள் விண்ணப்பத்தில் இவன் பள்ளி எண் போய் உட்கார்ந்தது. முதல் கட்டமாகப் பள்ளிக்குப் பதினான்கு என்பதால் பெட்டி வந்தபோதும் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

உண்மையைச் சொன்னால், பெட்டியைத் திறந்த அன்றே லோகேஸ்வரனுக்குத் தெரிந்துவிட்டது. டேப்லட்டைத் தட்டினால் முதலில் அந்தந்தப் பள்ளியின் குழுப்படம் வரும். வந்தது நங்கா தெருங் பள்ளியின் படம். பின்வரிசையில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு காமினி நின்றாள். அரிசி மணி அளவுதான் முகம். அவனுக்கு அது போதுமாக இருந்தது. மாலையில் எல்லோரும் போன பிறகு பொருளறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதினான்கையும் வரிசையாக ஏற்றி வைப்பான். பதினான்கு காமினிகளும் அவனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவார்கள். இதைத் திருப்பி அனுப்ப எந்தப் புருஷனுக்கு மனம் வரும்? அதனால்தான் வாயைத் திறக்காமல் இருந்தான்.

இப்போது வாயைத் திறந்தாக வேண்டும். மேலதிகாரிகள் வகுப்பைப் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் டேப்லட் தமிழ் பேச வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பேச வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார் கனகேஸ்வரி.

திருப்பி அனுப்பாமலே மாற்றிவிடலாம் என்று லோகேஸ்வரன் முதலில் கணக்குப் போட்டான். அதற்கு நங்கா தெருங் பள்ளியின் ரகசிய எண் வேண்டும். காமினிக்குச் செய்தி அனுப்பினான். அங்கே சிக்னல் கிடைப்பது பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும். காமினி குடை பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி, மூச்சு வாங்க ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். அவள் தெளிவாகத்தான் சொன்னாள். இவன்தான் எண்ணைக் கேட்காமல் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். தப்பாகத் தட்டினான். மறுபடி சொல்லச் சொன்னான், மறுபடியும் தப்பாகத் தட்டினான். டேப்லட் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை சபைகூடலில் கனகேஸ்வரி நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பொருளறையிலிருந்து பதினான்கு சைரன்கள் ஒன்றாக அலறின. ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாத் திரையும் சிவப்பு. 'இது திருடப்பட்ட கருவி, உரியவரிடம் ஒப்படைக்கவும்' என்று மலாயில் எழுத்து. குழுப்படம் போய்விட்டது. தூணும் இல்லை, காமினியும் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதுகூட அவனுக்குப் பெரிதாகப்படவில்லை. அந்த அரிசி மணி முகம் போனதுதான் நெஞ்சை அடைத்தது.

"கூரியர்ல அனுப்பி வச்சு, நம்மளத வாங்கிப் போடுங்க," என்றார் கனகேஸ்வரி.

கூரியர்க்காரர்கள் பெட்டியைக் கையில் வாங்கவே இல்லை. பேட்டரிச் சாமான் விமானத்தில் ஏறாது, கப்பலில்தான் போகும், எப்போது போய்ச் சேரும் என்று எங்களைக் கேட்காதீர்கள் என்றார்கள். யாராவது கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நம்முடையதை வாங்கிவந்தால்தான் ஆகும் என்று ஆனது. லோகேஸ்வரனின் நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. ஒரு நாள்கூட விடுமுறை எடுக்காமல், அரசாங்கச் செலவில், காமினி!

"உடற்கல்வி கபிலனை அனுப்பிடலாம்," என்றார் கனகேஸ்வரி. "கல்யாணம் ஆகாத பையன். தூக்கிச் சுமப்பான்."

கல்யாணம் ஆனவனுக்குத்தான் அங்கே போக வேண்டிய காரணம் இருக்கிறது என்று லோகேஸ்வரனால் சொல்ல முடியவில்லை. சொன்னால் விண்ணப்பத்தை யார் போட்டது என்ற கேள்வியும் வரும். எனவே கபிலனைத் தேநீர் குடிக்கக் கூட்டிப்போய், அந்த ஆற்றில் முதலைகள் படகோடு சேர்ந்து நீந்தி வரும் என்று மெதுவாக எடுத்துவிட்டான்.

"உண்மையாவா அண்ணே?" என்றான் கபிலன், கண் விரிய. மறுநாள் தண்ணீருக்கடியில் படம் எடுக்கும் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

வேறு வழியில்லாமல் லோகேஸ்வரன் மாவட்டக் கல்வி இலாகாவுக்கே போனான். அங்கே இந்த டேப்லட் விவகாரத்தைக் கவனிப்பவர் புவான் ரொஸ்னா என்ற அதிகாரி. அவரிடம் மிகப் பணிவாக ஒரு யோசனை சொன்னான். கருவிகள் பொறுப்பாசிரியரின் கையில் கொடுக்கப்பட்டவை, பெட்டி மாறிப்போனால் அந்தப் பொறுப்பாசிரியரே நேரில் கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் முறை, வேறு ஆளை அனுப்பினால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்றான்.

ரொஸ்னா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். இவ்வளவு கடமை உணர்ச்சி உள்ள ஆசிரியரை இந்தக் காலத்தில் காண்பதே அரிது என்றார். இதையே உத்தரவாகப் போட்டு, சரவாக் இலாகாவுக்கும் சொல்லிவிடுகிறேன் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அங்கே தயாராக இருப்பார்கள் என்று மகிழ்ந்த லோகேஸ்வரன், ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான். என் பெயரெல்லாம் எதற்கு, பொறுப்பாசிரியர் என்று மட்டும் இருந்தால் போதும் என்றான். அடக்கமும் இருக்கிறதே என்று ரொஸ்னா இன்னும் நெகிழ்ந்துபோனார்.

பெயர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. போன தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிவைத்து, வெள்ளத்தில் விமானம் ரத்தாகிப் போனது. காமினி புதுச்சேலை கட்டிக்கொண்டு படகுத்துறையில் இருட்டும்வரை நின்றாளாம். அதை அவள் சொல்லவில்லை. அவளோடு வேலை செய்யும் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. இனிமேல் வருகிறேன் என்ற பேச்சே கிடையாது, அவள் முன்னால் போய் நிற்பதுதான் என்று அன்றைக்கே மனதுக்குள் சத்தியம் செய்திருந்தான்.

கிளம்புவதற்கு முன்னால் காமினி ஃபோன் செய்தாள்.

"இந்த வாரம் எங்கயாச்சும் போறீங்களா?"

"நான் எங்க போகப்போறேன்? ஸ்கூல் விட்டா வீடு."

"வீடு கூட்டுனீங்களா?"

"கூட்டுனேன்."

"ஜன்னல் துணி?"

"தொவைச்சாச்சும்மா," என்றான், ஜன்னலைப் பார்க்காமல். "நீ எங்கயாச்சும் போறியா?"

"இங்கேர்ந்து நான் எங்க போறதுலா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொண்டு அவன் லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரம் வாங்கினான். அவளுக்குப் பிடித்த ஜாதிக்காய் ஊறலும் வாங்கினான். பதினான்கு டேப்லட்டையும் ஒரு தோள்பையில் அடுக்கிக்கொண்டு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் போனான்.

பையைச் சோதனை இயந்திரத்துக்குள் விட்டதும் சைரன் அலறியது. அதிகாரி பையைத் திறந்தார். பதினான்கு திரைகளும் தாங்கள் திருடப்பட்டவை என்று ஒரே குரலில் சொல்லின. இது பள்ளிக்கூடத்துச் சாமான், வேண்டுமானால் எங்கள் தலைமையாசிரியையைக் கேளுங்கள் என்றான் லோகேஸ்வரன். கேட்டார்கள். கனகேஸ்வரி வாழ்நாளில் பொய் சொல்லி அறியாதவர். நேர்மையைப் பற்றிப் பேசுவதோடு நிற்கிறவரும் அல்ல.

"அவர் கையில இருக்கிறது எங்க ஸ்கூல் சாமான் இல்லீங்க," என்றார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ரொஸ்னாவைக் கண்டுபிடித்து, அவர் சொல்லி, இவர்கள் நம்பி, அவனை வெளியே விட்டபோது விமானம் போய் வெகுநேரமாகிவிட்டது. மறுநாள்தான் அடுத்த இடம் கிடைத்தது. ஈரத்துணியில் சுற்றியிருந்த மல்லிகையை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டான். ஒரு நாள்தானே, இத்தனை நாள் பொறுத்தவனுக்கு ஒரு நாள் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அந்த ஒரு நாள்தான் போகவே மாட்டேன் என்றது.

கூச்சிங்கிற்கு ஒரு விமானம், அங்கிருந்து சீபுவுக்கு இன்னொன்று, பிறகு ஆற்றில் விரைவுப்படகு. கடைசியில் நீள்படகில் ஏறி உட்கார்ந்தபோது அவனுக்குப் பசியும் தெரியவில்லை, தூக்கமும் தெரியவில்லை. எதிரே வந்த படகுகளுக்கெல்லாம் படகுக்காரர் கையாட்டினார். லோகேஸ்வரனும் முகமெல்லாம் பல்லாகக் கையாட்டினான். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் அவனுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் தினமும் காமினியைப் பார்க்கிறவர்கள்.

நங்கா தெருங் துறையில் இறங்கித் தலையை வாரிக்கொண்டான். படியேறும்போதே பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு, "வணக்கம் சிக்கு, அம்மா, ஆடு, இலை," என்று, ஆசிரியரை அழைக்கும் மலாய்ச் சொல்லையும் சேர்த்து, அவனுடைய பள்ளியின் டேப்லட்டில் கற்ற தமிழ் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தூண் தெரிந்தது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிய தூண். அவள் நின்ற இடத்தில் ஒரு நிமிடம் போய் நின்றான். இனி சில அடிகள்தான், ஏதோ ஒரு வகுப்பறை வாசலில் நின்று "காமினி" என்று கூப்பிட்டால் போதும்.

வாயிற்காவலர் ஹைதர் வந்து, யார், என்ன என்று மலாயில் விசாரித்தார். லோகேஸ்வரன் மல்லிகையைப் பையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டே, பினாங்கிலிருந்து வருகிறேன், காமினி டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றான்.

ஹைதர் அவனையும் தோள்பையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொறுப்பாசிரியரே நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கணும்னு உங்க ஊர்ல யாரோ ஒரு நல்ல மனுஷன் யோசனை சொன்னாராம், அதனால எங்க டீச்சர் உங்க டேப்லட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு, புருஷனுக்குச் சொல்லாம போய் முன்னால நிக்கப் போறேன்னு சிரிச்சுக்கிட்டே, இன்னிக்குக் காலைப் படகுலதான் பினாங்குக்குப் போனாங்க."