பிங்கிளுக்குச் சவரம் செய்தவர்

‘நுட்பமான நகைச்சுவை உணர்வு உடையவர், சித்திரக்காரர்களுக்கு உற்ற துணை’ என்கிறது மேஜர் த்ரெட்கோல்டைப் பற்றிய ராணுவக் கோப்பு. சிரிப்பைத் திருத்துகிறவர்கள் என்றொரு இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களைச் சிரிப்பின் எதிரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சிரிப்பில் அவர்களுக்கு அளவுகடந்த பிரியம். அது சீருடையில் வர வேண்டும், அவ்வளவுதான்.

1942இல் இங்கிலாந்தில், ராணுவ லாரி ஓட்டுநர்களுக்குக் கையேடு தயாரித்த அலுவலகத்தில், அந்த மேஜரின் கீழ், நான் எழுத்தர். சிகரெட்டும் வாயுமாகப் பெட்ரோல் ஊற்றி ஒரே மாதத்தில் மூன்று பேர் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். எழுத்தில் எச்சரித்தால் எவன் படிக்கிறான்? ஆகவே எங்கள் சித்திரக்காரர் கார்ப்பரல் ஆக்ராய்ட், பிங்கிள் என்ற மடச் சிப்பாயை வரைந்தார். தொப்பி காதில் தொங்க, ஒரு வாரத் தாடியும் வாயில் புகையும் சிகரெட்டுமாக, பெட்ரோலைப் பாதி லாரிக்கும் பாதி தன் பூட்ஸுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தான் அவன். கீழே ஒரே வரி: ‘இவனைப் போலச் செய்யாதே.’ தட்டச்சுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேஜரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துச் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

மன்னரின் சிப்பாய்க்குத் தாடியா? பிங்கிளுக்குச் சவரம் ஆயிற்று. தொப்பி நிமிர்ந்தது. மாலுமிகள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவரும் பெட்ரோலைச் சிந்தலாமா? சிந்தியது நின்றது. பென்சில் சிகரெட்டுக்கு வந்தது.

“அது போனா படமே போச்சு சார்,” என்றார் ஆக்ராய்ட்.

“வேலை நேரத்துல புகை பிடிக்கக் கூடாதுன்னு விதி இருக்குப்பா. அதை மீறுறதுக்கு நாமளே படம் போட்டுக் குடுக்கறதா?”

சிகரெட்டும் அழிந்தது. படத்தின் கீழிருந்த வரியை மட்டும் மேஜர் தொடவில்லை. அதற்கு மேலிடத்து ஒப்புதல் வந்துவிட்டது.

கையேடு வெளியான நான்காம் நாள் ஒரு லாரி எரிந்தது. விசாரணைக்கு வந்த ஓட்டுநர் ஹாப்டேவுக்குப் புருவம் இல்லை, குழப்பமும் இல்லை.

“படத்துல இருக்கறவன் சிகரெட் இல்லாம ஊத்துறான் சார். அவன மாதிரி செய்யாதேன்னு போட்டிருக்கு. எனக்குப் பழக்கமே கிடையாது. பக்கத்துல இருந்தவன்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கித்தான் பத்த வெச்சேன்.”

கையேட்டை இவ்வளவு கவனமாகப் படித்த முதல் ஓட்டுநர் என்று மேஜர் அவரைப் பாராட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் லாரி எரிந்ததைச் சொல்லும் இடத்தில் சிரிப்பு தகுமா, ஓர் அதிகாரியைக் கொஞ்சம் மரியாதையாகக் காட்டியிருக்கலாமே என்று உங்கள் விரல்கள் ஒரு பென்சிலைத் தேடவில்லையே? தேடினால் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜர் த்ரெட்கோல்டும் கெட்டவரல்ல. ஒரு படத்திலிருந்து ஒரு சிகரெட்டை அழித்தார்.