மாமிக்கு ஒரு லவ் கேக்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ரவையும் முந்திரியும் போட்டு ஒரு லவ் கேக் செய்யணும்.

யாழ்ப்பாணத்துல இருந்து மாமி வர்றாங்க. "மருமகனுக்குச் சுடுதண்ணி வைக்கவும் தெரியாது"ன்னு கல்யாணமான நாள்ல இருந்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்காங்க. இந்தத் தடவை அந்தப் பேச்சை மாத்திக் காட்டுறேன்னு பொண்டாட்டிகிட்ட வீறாப்பா சொல்லிட்டேன். வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தாத்தானே!

கண்டி டவுன்ல பழைய புத்தகக் கடையில ஒரு சமையல் புத்தகம் வாங்கியிருந்தேன். அட்டையே இல்ல. பாயாசத்துக்கும் புடிங்குக்கும் நடுவுல மூட்டைப்பூச்சிக்கு மருந்து சொல்லியிருக்கு. அளவு கேட்டா எல்லாமே "வேண்டிய மட்டும்". எவ்வளவு வேணும்னு தெரிஞ்சா நான் எதுக்குங்க புத்தகம் வாங்குறேன்?

முட்டைக்கு மட்டும் கணக்கு இருந்துச்சு. மஞ்சக்கரு இருபத்தஞ்சு. அதுவும் "சிறு குடும்பத்துக்கு"!

அடுத்த வரியைப் பொண்டாட்டி சத்தமா வாசிச்சா. வீட்டு எசமானியானவள் வேலைக்காரனைக் கொண்டு ஒரே பக்கமாய் ஒரு மணி நேரம் அடிப்பிக்கவும், கை மாற்றலாகாது.

"இஞ்சருங்கோ, இதில ஆர் எசமானி எண்டு விளங்குதுதானே?"

கதிரையை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. முட்டை அடிக்கிற மெஷின், பீட்டர் இருக்கேன்னு கெஞ்சினேன். புத்தகத்துல பீட்டர் இல்லையாம்.

அடிச்சு முடிச்சப்போ தோள்பட்டை என்னுடையதாவே இல்ல.

கலவையைத் தட்டுல ஊத்தினா, தட்டு எங்க வீட்டு ஓவனுக்குள்ள போகல. பரவாயில்ல, பெரிய தட்டுன்னா பேக்கரிக்குத் தூக்கிட்டுப் போறது இங்க வழக்கம்தான். பாண் ரொட்டி சுட்டு எடுத்த சூட்டுல, போறணை அடுப்புல வச்சுத் தருவாங்க.

எங்க வீடு மேட்டுல. த்ரீவீல் இறங்க இறங்க, கேக்கும் முன்பக்கமா இறங்கிச்சு. நான் தட்டை ஒரு பக்கம் சாய்க்க, வளைவு இன்னொரு பக்கம் சாய்க்க, கொஞ்சம் என் காற்சட்டையில ஊத்திருச்சு. பேக்கரி வாசல்ல இருந்த நாய்க்கு அன்னைக்கு என் மேல தனிப் பாசம்.

எவ்வளவு நேரம் வைக்கணும்னு பேக்கரிக்காரர் கேட்டார், எல்லாரும் நானான்னு கூப்பிடுற முஸ்லிம் அண்ணன். புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். "பதம் வந்ததும் எடுக்கவும்."

நானா சிரிக்கவே இல்ல. பதம் வந்தா சொல்றேன், நீங்க போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கன்னார்.

வந்து பார்த்தா, பொன் நிறத்துல அப்படி ஒரு கேக்! எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. மாமியாருக்குப் போறதை வெறுந்தட்டுலயா குடுப்பாங்கன்னு சொல்லி, அவரே அளவா வெட்டி, கடைப் பேர் போட்ட பெட்டியில அடுக்கித் தந்தார்.

பின்னேரம் மாமி வந்தாங்க. ஒரு துண்டு சாப்பிட்டாங்க. இன்னொண்ணும் எடுத்தாங்க.

"சோக்காய் இருக்கு."

நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, நான்தான் மாமி செஞ்சேன்னேன்.

மாமி பெட்டியைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க.

"ஒரு கேக்குக்குப் போய்ப் பொய் சொல்லலாமோ தம்பி?"

பொண்டாட்டி சத்தியம் பண்ணினா. என்ர பிள்ளை புருசனை விட்டுக்குடுக்க மாட்டாள்னு மாமிக்கு ஒரே பெருமை. தூக்க முடியாத கையைக் காட்டினேன். பெட்டி பாரமா இருந்திருக்குமாம்!

"நான் ஊருக்குப் போகேக்க, அந்தப் பேக்கரியில இன்னும் ரெண்டு பெட்டி வாங்கித் தாங்கோ."

அந்தப் பேக்கரியில விக்கிறது பாணும் பணிஸும் மட்டும்தான், கேக் கிடையாது.

சரி மாமின்னு சொல்லிட்டு, முட்டை வாங்கக் கிளம்பினேன்.