ஆறு பக்க ஆட்சேபனையில் இல்லாத இடியப்பம்

குரோருட், ஒஸ்லோ
திங்கட்கிழமை

அன்புள்ள மச்சான் பிலேந்திரனுக்கு,

மடு மாதாவின் கருணையால் நானும் உமது தங்கை அருள்ராணியும் மகள் பிரியந்தினியும் நல்ல சுகம். ரெக்சாஸில் உம்மையும் அதே மாதா பார்த்துக்கொள்வார். நான் இன்னும் கோபத்தில் இருப்பதால் உமது சுகத்தைத் தனியாக விசாரிக்கவில்லை.

பிரியந்தினியின் முதல் நற்கருணை விருந்துக்கு நூற்றிருபது பேருக்குச் சொல்லியிருந்தோம். ராணிக்குத் தோளில் சத்திரசிகிச்சை நடந்து மூன்று மாதந்தான். இடியப்ப உரலைப் பிடித்தால் கண்ணில் நீர் வந்துவிடும். ஆனாலும் ஒரே பிள்ளையின் விருந்துக்கு வெளியில் இடியப்பம் வாங்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நீரும் பாசத்தில், துளையிடும் மெசினின் கைப்பிடியை வைத்து மோட்டர் இடியப்ப உரல் ஒன்று செய்து, கழற்றி அனுப்பினீர். அதுவரைக்கும் நல்லது. பெட்டியின் மேல் "பாகங்கள்" என்று மட்டும் எழுதினீரே, எதன் பாகங்கள் என்று எழுதினால் வரி போட்டுவிடுவார்கள் என்றா பயந்தீர்? உருக்குக் குழாய், மரை, விரலால் இழுக்கிற விசை, வந்த இடமோ துப்பாக்கிக்குப் பேர்போன ரெக்சாஸ். சுங்கத்தார் பெட்டியை மறித்து, இது என்ன பொருள் என்று ஒரு வரியில் அறியத்தரும்படி மரியாதையாகக் கேட்டார்கள்.

ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். விதி, உம்மிடம் யோசனை கேட்டேன். துப்பாக்கிப் பாகங்களையும் துப்பாக்கி என்று சொல்லிக் கட்டுப்படுத்த மத்திய அரசின் அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டா என்று உங்கள் நாட்டில் உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போனது, அதையே எடுத்து அடியும் என்றீர். நானும் இரண்டு நாள் லீவு போட்டு ஆறு பக்கம் எழுதினேன். பூட்டிச் சேர்க்காத பாகம் ஆயுதம் ஆகாது, சட்டம் இயற்றுவது பாராளுமன்றம், அலுவலகம் அல்ல, தேவைப்பட்டால் நீதிமன்றம் செல்வேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி. மூன்றாம் நாள், பொலிஸ்காரர் ஒருவரும் இருப்பார், நேரில் வரவும் என்று பதில் வந்தது.

உண்மையைச் சொன்னால் பயந்துபோனேன். விருந்துக்கு நாலு நாள். கடிதத்தை ராணியிடம் காட்ட வேண்டி வந்தது. அவள் கண்ணாடியைப் போட்டு ஆறு பக்கத்தையும் வாசித்தாள்.

"ஏனப்பா, இவ்வளவு எழுதினனீங்கள், ஒரு இடத்திலையாவது இடியப்பம் எண்டு எழுதினனீங்களோ?"

எழுதவில்லை, மச்சான்.

நானும் ராணியும் போன சுங்க அலுவலகத்தில் அதிகாரி பெண் என் கடிதத்தில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தாள். அந்த அமெரிக்க வழக்கில் அலுவலகம்தானே வென்றது என்று மெதுவாகக் கேட்டாள். அதை நீர் எனக்குச் சொல்லவேயில்லை. நான் வாய் திறக்குமுன் ராணி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். நொந்த கையால் முதல்நாள் பிழிந்தது. மறித்து வைத்த பாகங்களில் இருந்து துளைத் தட்டைத் தூக்கி அதற்குப் பக்கத்தில் ஓர் இடியப்பத்தைப் பிடித்தாள். பொலிஸ்காரர் துளையைப் பார்த்தார், இடியப்பத்தைப் பார்த்தார், பிறகு கூட இருந்த தேங்காய்ச் சம்பலைக் காட்டி இது உறைக்குமா என்று கேட்டார். பத்து நிமிடத்தில் பெட்டி எங்கள் கையில்.

நேற்று விருந்து. ராணி இடக்கை ஒற்றை விரலால் விசையை இழுத்து நூற்றிருபது பேருக்கும் பிழிந்தாள். ஒரு தரமும் தோளைத் தடவவில்லை. அதற்காக உம்மை மன்னித்தேன். இனி எந்த அலுவலகத்துக்கும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்று மாதா படத்தின் முன் சத்தியமும் செய்துவிட்டேன். உமது வீட்டார் எல்லாரையும் ஆண்டவர் ஆசீர்வதித்து, உமக்குக் கொஞ்சம் அடக்கத்தையும் தருவாராக.

இப்படிக்கு
அன்பு மச்சான் வின்சென்ற்

பி.கு: இப்போதுதான் எங்கள் அடுக்குமாடி நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. பல்கனியில் மெசின் இரைந்ததாம், அது என்ன என்று ஒரு வரியில் கேட்கிறார்கள். கழற்றி வைத்தால் அது மெசினே இல்லையே? அந்த வழக்கில் தோற்றவர்களின் வாதத்தை உடனே அனுப்பும். எட்டுப் பக்கம் வரும் போலிருக்கிறது. ராணிக்குச் சொல்ல வேண்டாம்.