முப்பத்தோராம் பக்கம்

மதிப்புக்குரிய மூத்த மச்சான் அவர்களுக்கும் வணக்கத்துக்குரிய அக்காவுக்கும், தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கே சௌக்கியம் என்றுதான் தொடங்கினேன். பஸ் கழகத்தில் முப்பத்தாறு வருஷம் கால அட்டவணைக்குப் பிழை திருத்திய கை, அந்தச் சொல்லுக்கு அடியில் தானாகவே ஒரு கோடு இழுத்துவிட்டது. அதனால் வேறு தாள் எடுத்து, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். தங்கள் இருமலையும் அக்காவின் முழங்காலையும் முறைப்படி விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். கடிதம் கொஞ்சம் நீளம். உட்கார்ந்து படிக்கவும். முடிவில் ஒரு உதவி கேட்பேன். அதைக் கேட்பதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதை விளக்கவே முதல் மூன்று தாள்களும்.

எங்கள் வட்டத்துக்கு நகரசபைத் தேர்தல் நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனால் அதில் நான் என்ன செய்தேன் என்பது தெரியாது, தங்கள் தங்கை தெரிவித்திருக்க மாட்டாள். வேலையில் இருந்தவரை தேர்தல் என்றால் எனக்குச் சிறப்புப் பேருந்து அட்டவணைதான். மாலை ஐந்து மணிக்கு ஓடிப்போய், வரிசையில் முன்னால் நிற்கிறவர் யாருக்குப் போடுவதாகப் பேசிக்கொள்கிறாரோ அவருக்கே நானும் போட்டுவிட்டு வருவேன். ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து யோசித்ததில் வெட்கமாக இருந்தது. எங்கே போகிறது என்று பார்க்காமல் பஸ்ஸில் ஏறுகிறவனைக் கிறுக்கன் என்கிறோம். ஐந்து வருஷத்துக்கு அப்படி ஏறுகிறவனை மட்டும் வாக்காளப் பெருமகன் என்கிறோம். இந்த முறை எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் போடுவது என்று தீர்மானித்தேன். அதோடு நின்றிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். மற்றவர்களையும் தெரிந்துகொள்ள வைப்பது என்றும் தீர்மானித்தேன்.

நின்றவர்கள் இருவர். ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை உறுப்பினராக இருந்த டயர் கடைக்காரர். இன்னொருவர் பல் டாக்டர். டயர் கடைக்காரர் வீடு வீடாகக் கொடுத்தது ஒரே ஒரு தாள். அதில் அவர் படம், தொலைபேசி எண், கீழே, ‘உங்கள் தேவைக்கு எப்போதும் அளைக்கவும்’ என்று ஒரு வரி. அழைக்கவும் இல்லை மச்சான், அளைக்கவும். சோற்றை அளைவார்கள், சேற்றை அளைவார்கள், நகரசபை உறுப்பினரை எப்படி அளைவது? அந்த ஒரு தாளில் மட்டும் பதினோரு பிழைகள் எண்ணினேன். பல் டாக்டர் வெளியிட்டதோ நாற்பத்தாறு பக்கப் புத்தகம். பொருளடக்கம், அடிக்குறிப்பு, சாலைப் பள்ளங்களுக்கு வரைபடம், எல்லாம் உண்டு. நாற்பத்தாறு பக்கத்திலும் சேர்த்து ஒரே ஒரு ஒற்று மிகுந்திருந்தது, அதுவும் அச்சகத்தின் கைங்கரியமாக இருக்கலாம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இப்படி எழுதத் தெரிந்தவன் ஆளத் தெரியாமல் போவானா என்று நினைத்தேன்.

எங்கள் குடியிருப்பில் முப்பத்திரண்டு வீடு. தினமும் மாலை ஆறு மணிக்குக் கீழ்ப் படிக்கட்டில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன். முதல் நாள் லிப்ட் வராமல் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டாம் நாள் ஏழு பேர். ஒரு வாரத்தில் படிக்கட்டில் மேலே ஏற வழியில்லை. இதுவரை என்னை ‘டைம்டேபிள்’ என்று கூப்பிட்டவர்கள் ‘புரொபசர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் குரலை ஏற்றி இறக்கி வாசிப்பேன், அடிக்குறிப்பு வந்தால் கையைத் தூக்குவேன், எல்லோரும் அமைதியாவார்கள். முப்பத்தாறு வருஷம் ஒருவரும் நான் படித்ததைக் கேட்டதில்லை மச்சான். தலை கால் புரியவில்லை எனக்கு.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, கீழ்த்தளத்தில் சலவைக்கடை வைத்திருக்கிற அம்மா, கையில் மடித்த துணியோடு நின்றபடியே கேட்டார்: “ஐயா, நம்ம ஆஸ்பத்திரி பத்தி அதுல ஏதாவது போட்டிருக்கா?”

நம்ம ஆஸ்பத்திரி என்றால் எங்கள் தெருமுனையில் இருக்கிற வட்ட மருத்துவமனை. அங்கேதான் ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரம் இரண்டு இருந்தது. அதில் ஒன்றில்தான் தங்கள் தங்கை வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் படுப்பாள். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு எட்டே நிமிஷத்தில் வீட்டுக்கு நடந்து வந்துவிடுவாள். நான் பொருளடக்கத்தைப் பார்த்து முப்பத்தோராம் பக்கத்தைப் புரட்டி வாசித்தேன்: “சிறு மருத்துவமனைகளின் சிறப்புச் சேவைகள் ஒருங்கிணைக்கப்பட்டு மேம்படுத்தப்படும்.”

“அப்படின்னா?”

“ஒருங்கிணைப்பு நல்ல விஷயம். மேம்பாடும் நல்ல விஷயம். ரெண்டு நல்ல விஷயம் ஒரே வரியில வந்திருக்கு, அவ்வளவுதான்” என்றேன்.

அந்த அம்மா துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். “ஒருங்கிணைக்கிறதுன்னா ஒண்ணா சேக்குறதுதானே ஐயா? ரெண்டு கடையை ஒண்ணா சேத்தா ஒரு கடையை மூடணுமே?”

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. “அம்மா, இது கடை இல்ல, கொள்கை. கடைக்கணக்குல பாத்தா புரியாது” என்றேன். அவர் துணியோடு கடைக்குள் போய்விட்டார். மறுநாளிலிருந்து வாசிப்புக்கும் வரவில்லை. எங்கள் ஜன்னல் படிக்கட்டுக்கு நேர் மேலே என்பதால், இயந்திரத்தில் படுத்துவிட்டு வந்து ஓய்வெடுக்கிற தங்கள் தங்கை இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவளுக்கு அரசியல் புரியாது, ஆகவே நானும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வாக்குப்பதிவு அன்று எங்கள் குடியிருப்பிலிருந்து ஐம்பத்து மூன்று பேரை வரிசையாக அழைத்துப் போனேன். திரும்பும்போது இவளிடம், “யாருக்குப் போட்டே?” என்றேன். “போட வேண்டியவங்களுக்கு” என்றாள். டயர் கடைக்காரருக்குத்தான் போட்டிருப்பாள் என்று ஊகித்துக்கொண்டேன். அவர் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து இவளிடம், “ஊசி போட்டா வலிக்குமாம்மா?” என்று விசாரித்துவிட்டுப் போனார். அந்த மாதிரி அற்ப காரணங்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்களை நினைத்து வருத்தப்பட்டேன். பல் டாக்டர் பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார். படிக்கட்டில் நான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பத்தொன்பது பேரும் என் படிக்கட்டிலிருந்து எழுந்து போனவர்கள் என்று சொல்லிக்கொண்டேன், பலமுறை, சத்தமாக.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை இவளும் நானும் போனால் கதவில் அறிவிப்பு. நோயாளிகளின் நலன் கருதி அந்த இரண்டு இயந்திரங்களும் நகரத்தின் மறுகோடியிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டுள்ளன என்று. உள்ளே எட்டிப் பார்த்தேன். இயந்திரம் நின்ற இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருந்தது. அறிவிப்பில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

அன்றிலிருந்து எங்கள் பிழைப்பு இது: முதல் பஸ் ஐம்பது நிமிஷம். இரண்டாவது பஸ், முதல் பஸ் போய்ச் சேர்வதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் கிளம்பிவிடும், அடுத்தது நாற்பது நிமிஷம் கழித்து. இந்த அட்டவணையைப் பார்த்து, பிழை இல்லை என்று கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பியவன் யார் என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். எழுத்துப்பிழை இல்லைதான். போகும்போதாவது பரவாயில்லை. திரும்பும்போது இவளால் நிற்க முடிவதில்லை. போன வியாழன் பஸ் நிறுத்தத்தில் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்துவிட்டாள். மூன்று பஸ் போயிற்று. “ஒண்ணுமில்ல, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்” என்கிறாள், உதடு வெளுத்துக் கிடக்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம் மச்சான், நான் ஊரைக் கூட்டி, டீ வாங்கிக் கொடுத்து வைத்துக்கொண்டவன்.

பல் டாக்டரிடம் நியாயம் கேட்கப் போனேன். உறுப்பினராக அவரைப் பார்க்க இரண்டு மாதம் ஆகுமாம், பல் வைத்தியராகப் பார்க்க நாளைக்கே நேரம் இருக்கிறதாம். பல்லுக்கே பதிவு செய்தேன். நாற்காலியில் சாய்த்து, விளக்கை மூஞ்சிக்கு நேரே இறக்கி, “சொல்லுங்க சார், என்ன விஷயம்?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறந்ததும் கண்ணாடியை உள்ளே விட்டார். “ஆஸ்பத்திரி” என்பதில் முதல் எழுத்து மட்டும் வெளியே வந்தது.

“முப்பத்தோராம் பக்கம் சார்” என்றார் தன்மையாக. “நீங்களே வாசிச்சுக் காட்டினீங்களாமே, ரொம்ப நன்றி. அதைத்தான் செஞ்சேன், ஒரு வரி மாத்தல.”

“ஆ.”

“ரெண்டு மெஷினை இங்க வச்சுக்கிட்டு, ராத்திரி பகல் பாக்க டாக்டர் இல்லாம... ஏதாவது ஆபத்துன்னா? அங்க எட்டு மெஷின், பெரிய டாக்டர் இருக்காரு. தப்பா சார்?”

தப்பு என்று சொல்ல வாயில் இடமில்லை. வாயை மூடிக்கொண்டு தெருவுக்கு வந்து யோசித்தேன், அப்போதும் முழுத் தப்பு என்று சொல்ல வரவில்லை. எட்டு, இரண்டைவிட நல்லதுதான், பக்கத்துத் தெருவில் குடியிருப்பவனுக்கு. பொய் சொன்ன அரசியல்வாதியைத் திட்டலாம். சொன்னதைச் செய்தவரை என்ன சொல்லித் திட்டுவது? மேல்வரிசையில் ஒரு சொத்தைப் பல் வேறு கண்டுபிடித்துச் சொன்னார். அதுவும் உண்மைதான்.

அங்கிருந்து நேரே டயர் கடைக்குப் போய், மன்னிப்புக் கேட்கலாம் என்று நின்றேன். அவர் ஒரு டயரைத் தட்டி, உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். “நீங்க இருந்திருந்தா இது நடந்திருக்காது” என்றேன்.

“அட போங்க சார்” என்றார் அவர். “மெஷினை மாத்துற அந்தத் தாள் என்கிட்டயும் வந்திருக்கும். என்ன எழுதியிருக்குன்னே தெரியாம கையெழுத்து போட்டிருப்பேன்.” கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். “ஆனா உங்க வீட்டம்மா இங்க வந்து ரெண்டு சத்தம் போட்டிருந்தா, ஓடிப்போய் நிறுத்தியிருப்பேன். நான் படிக்காதவன் பாருங்க, எவன் சத்தம் போட்டாலும் பயம்.”

இதில் எது பெரிய விஷயம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ஓட்டுப் போடுகிறவனுக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்? ஒன்றும் தெரியாமல் போட்ட காலத்தில் இவளுக்கு இயந்திரம் எட்டு நிமிஷத்தில் இருந்தது. எல்லாம் தெரிந்து போட்டபின் இரண்டு பஸ்ஸில் இருக்கிறது. அதற்காகத் தெரியாமலே இருப்பது மேல் என்று சொல்லவும் மனசு வரவில்லை, ஏனென்றால் தெரிந்துகொள்ள வேண்டிய அந்த ஒரு வரியை என் வாயாலேயே உரக்கப் படித்தேன், அதன் அர்த்தத்தையும் சலவைக்கடை அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தார், நான்தான் கேட்கவில்லை. இப்போது அந்த அம்மா என் சட்டையை முன்போலவே மடித்துக் கொடுக்கிறார். ஒரு வார்த்தை கேட்பதில்லை. திட்டினாலாவது தேவலை. படிக்கட்டு காலியாகக் கிடக்கிறது, நானும் லிப்டில்தான் போய் வருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் வீடு அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. செவ்வாய் முதல் சனி வரை இவள் தங்கள் வீட்டில் இருந்துகொள்ளட்டும். ஞாயிறும் திங்களும் இங்கே இருக்க, நான் வந்து அழைத்துப் போகிறேன். இவளாகக் கேட்க மாட்டாள். அண்ணனுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று பிடிவாதம். சாப்பாட்டில் உப்பு குறைவு, தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், மற்றபடி தொந்தரவு கிடையாது, அதிகம் பேசவும் மாட்டாள். தங்கள் தங்கையை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவன் நான் என்பதால், என்னை வாசலோடு நிறுத்திப் பேசினாலும் சரி.

பெரியவர்களான தங்கள் இருவருக்கும் என் வணக்கம். வீட்டிலுள்ள சின்னவர்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், முடிந்தால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: நான் உறை வாங்கப் போயிருந்த நேரத்தில் இவள் இதை முழுவதும் படித்துவிட்டாள். “எனக்கு அரசியல் புரியாதுன்னு எழுதியிருக்கீங்க” என்றாள். அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்த அன்றே, நான் குளித்துக்கொண்டிருந்தபோது, முப்பத்தோராம் பக்கத்தைப் படித்துவிட்டாளாம். மெஷின் போய்விடும் என்று அன்றைக்கே தெரியுமாம். “பின்னே ஏன்டி சொல்லலே?” என்று கத்தினேன். “ரிட்டையர் ஆனதுலேர்ந்து சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பதினஞ்சு நாள்தான் குரல் நல்லா இருந்துச்சு. மேல படுத்துக்கிட்டுக் கேட்டேன்” என்றாள். ஓட்டும் பல் டாக்டருக்குத்தான் போட்டாளாம். ஆகவே, மேலே நான் எழுதியிருப்பதில் முக்கியமானது எதுவும் சரியில்லை. இந்தக் கடிதத்தை அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாள். நான் அனுப்புகிறேன். தாங்கள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, ஒன்றுமே தெரியாதவர்போல, தற்செயலாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லி, அவளை அழைத்துக்கொண்டு போங்கள். அது தங்கள் குடும்பத்துக்குக் கைவந்த கலை என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.